ஒன்பது வாத்தியங்களும் ஒரு சம்பளக் கோரிக்கையும்

லூயிஸ் ஃபராங்க் (1804–1875) என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1842இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியையாக நியமனம் பெற்றார். அதே வேலையைச் செய்த ஆண்களிலும் பார்க்கக் குறைவான சம்பளமே அவருக்குக் கிடைத்தது. 1850இல் அவருடைய ‘நொனெட்’ அரங்கேறியது. புல்லாங்குழல் முதலான ஐந்து காற்று வாத்தியங்களும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்த ஆக்கம் அது. வயலின் வாசித்தவர், பின்னாளில் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்ற யோசப் யோவாகிம். அப்போது அவருக்கு வயது 18. வரவேற்பு பெரிதாக இருந்தது. அதே ஆண்டில் ஃபராங்க், கல்லூரிப் பணிப்பாளர் ஓபேருக்குக் கடிதம் எழுதிச் சம சம்பளம் கேட்டார், பெற்றார்.

‘திறமை வென்றது’ என்று இக்கதையை முடிப்பது வழக்கம். இது சரிதானா?

அதற்கு முன்னர் அவரிடம் திறமை இருக்கவில்லையா? 1847க்குள் மூன்று சிம்பொனிகளை எழுதி முடித்திருந்தார். மூன்றாவது, 1849இல் அக்கல்லூரியின் கச்சேரிச் சபையிலேயே இசைக்கப்பட்டது. மேலும், அவர் சம்பளம் பெற்றது பியானோ கற்பிப்பதற்கு. ஆண் பேராசிரியர் எவரும் முழுச் சம்பளம் பெறுவதற்காக நொனெட் எழுத வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெண்ணுக்குரியவை பியானோவும் குரலும். காற்று வாத்தியங்கள் ஆணுக்குரியவை என்று கருதப்பட்ட காலம் அது. இசையாக்க வகுப்பிலும் பெண்களுக்கு இடமில்லை. ஃபராங்க் அதனை ரைக்காவிடம் தனியாகக் கற்றார். ரைக்கா, பொன் நகர அரசவை வாத்தியக் குழுவில் புல்லாங்குழல் வாசித்தவர். கணவர் அரிஸ்தீத் புல்லாங்குழல் கலைஞர், இசைப் பதிப்பாளர். இவ்விரு கதவுகளும் திறந்திருந்தபடியால் அவர் உள்ளே வந்தார். கதவு திறக்காத பெண்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை.

1850களில் அவர் எழுதிய ஈ-மைனர் மூவிசையில் (எண் 45) புல்லாங்குழல், செல்லோ, பியானோ ஆகிய மூன்றும் சமமாக உரையாடுகின்றன. 1859இல், பியானோக் கலைஞரான மகள் விக்டோரின் இறந்தார். அதன்பின் பெரிய ஆக்கங்கள் எவையும் வரவில்லை. 1872 வரை கற்பித்தார்.

விரிவுரையாளனாக இருந்த காலத்தில் நானும் இதனைத் திறமையின் வெற்றி என்றே சொல்லியிருப்பேன். இன்று தொழிற்சாலை வரிசையில் நின்று யோசிக்கும்போது வேறுவிதமாகப் படுகிறது. சம வேலைக்குச் சம கூலி என்பது நொனெட் எழுதியவளுக்கான பரிசல்ல. எழுதாதவளுக்கும் அது உரியது.