தோட்டத்துத் தாயும் டின் பாலும்



ரப்பர் மரத்தை நம்மவர்கள் பால்மரம் என்றுதான் சொன்னார்கள். விடியற்காலையில் வெட்டினால் அந்த மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் பெரட்டு இருட்டிலேயே நடந்தது. கைக்குழந்தை பாலுக்கு அழும் நேரமும் அதுவே. இந்த இரண்டு பாலுக்கும் நடுவில் நம் பெண்கள் பட்ட பாட்டைத்தான் இன்று பேசப்போகிறோம்.

"அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்குப் பால் இருந்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏது?" என்ற பேச்சை நாம் வீடுதோறும் கேட்கிறோம். பிள்ளை பெற்ற இளம்பெண் இதைக் கேட்டுத் தலைகுனிகிறாள். இப்பேச்சு உண்மைதானா என்று அறிய விரும்பினோம். நம் மாணவி ஒருத்தியின் பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது; 1960களில் பால்மரம் வெட்டியவர். வீடு தேடிச் சென்று கேட்டோம்.

"அஞ்சு மணிக்குப் புள்ளையைத் தூக்கிட்டுப் போயி ஆயாக் கொட்டகையில விட்டுடுவேன், டீச்சர். ஒம்போது மணிக்கெல்லாம் ரவிக்கை நனைஞ்சிடும். மாரு கல்லாட்டம் கட்டிக்கும். மரத்துக்குப் பின்னால நின்னு பீய்ச்சி மண்ணுல விடுவேன். மங்குப் பாலை எடுத்து, ஸ்டோருல நிறுத்துக் கொடுத்துட்டு வர ஒரு மணி ஆயிடும். ரெண்டு மாசத்துல எனக்குப் பால் நின்னுபோச்சு. என் மாமியா, 'உன் உடம்பு அப்படி'ன்னுட்டாங்க."

மாமியார் சொன்னது தவறு. தாய்ப்பால் குடத்தில் நிரப்பி வைத்த தண்ணீரைப் போன்றது அன்று. குழந்தை குடிக்கக் குடிக்கவே அது ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால், 'இவ்வளவு வேண்டியதில்லை போலும்' என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஐந்து மணி முதல் ஒரு மணி வரை எட்டு மணி நேரம். நாள்தோறும் இத்தனை நேரம் பிள்ளையை விட்டுப் பிரிந்திருந்தால் எந்தப் பெண்ணுக்கும் பால் குறையத்தான் செய்யும். பாட்டியின் பாலை வற்றச் செய்தது வேலை நேரமே.

வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் கூலிக் கணக்கைப் பார்க்கவேண்டும். 1920களின் பிற்பகுதியில் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. குடும்பம் இரண்டு கூலியையும் சேர்த்தே ஓடியது.

உலகத்தார் இதை அறியாமலில்லை. 1919-ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்திலேயே நாளைக்கு இருமுறை, அரைமணி வீதம் ஓய்வு தரவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. ஆனால் அது ஆலைக்கும் வாணிபத்துக்கும் உரியது. விவசாயம் அதில் சேரவில்லை. இரண்டாண்டு கழித்து, 1921-இல், விவசாயப் பெண்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று பரிந்துரை ஒன்று வந்தது. பரிந்துரைக்கும் உடன்படிக்கைக்கும் உள்ள வேறுபாடு, சங்கத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆயாக் கொட்டகைக் குழந்தைக்கு வேறு ஏதேனும் கொடுத்தாகவேண்டும். அங்கேதான் டின் பால் வந்து சேர்ந்தது. பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டுக்குள் சுவிட்சர்லாந்திலும் ஆலை எழுந்தது. வெப்ப நாட்டில் கெடாமல் இருக்கும் பால் என்பதால் நம் பக்கம் அதற்கு நல்ல வரவேற்பு. தேநீருக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது, நாமும் குடிக்கிறோம். குழந்தைக்கு அது ஆகாது. நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் சர்க்கரை. அதையும் சிக்கனத்துக்காகத் தண்ணீர் கூட்டிக் கலப்பார்கள். அந்தத் தண்ணீர் சரியாகக் கொதிக்காவிட்டால் வயிற்றுப்போக்கு. கொழுப்பு நீக்கிய டின் பாலை மட்டுமே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, உயிர்ச்சத்து 'ஏ' இல்லாமல் கண் பார்வையே போனதுண்டு.

இதை வாய்விட்டுச் சொன்ன ஒருவரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் 1893-இல் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வரும் சத்துக்குறை நோயைக் கண்டு எழுதியவர். 1936-இல் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார். தாதியர்போல் உடை உடுத்திய பெண்கள் வீடு வீடாகச் சென்று, தாய்ப்பாலைவிட டின் பாலே மேல் என்று தாய்மாரிடம் சொல்வதை இங்கே கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் பேச அழைத்தார்கள். அவர் தம் உரைக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. பொய்ப் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலை என்றே கொள்ளவேண்டும் என்று வணிகப் பிரமுகர்கள் நடுவிலேயே சொன்னார்.

பிறகு போர் வந்தது. ஜப்பானியர் அவரைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். சில மாதங்கள் கெம்பெய்த்தாய் காவலிலும் இருந்தார். சிறைக் காலத்தில் அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்து 20 பேருமே பிழைத்தார்கள் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அரைவயிற்றுக் கஞ்சி குடித்த தாய்மார்கள் அவர்கள். 'எனக்குச் சத்தில்லை, எப்படிப் பால் வரும்?' என்று அஞ்சும் பெண்ணுக்கு இதைச் சொல்லலாம். பிள்ளை அவர்கள் பக்கத்திலேயே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அவர் பேசி 42 ஆண்டுகள் கழித்து, 1981-இல்தான் உலகச் சுகாதார மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது.

நம் மூத்தவர்கள் செய்தது எல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். நோயைத் தடுக்கும் ஆற்றல் அதில்தான் நிறைந்திருக்கிறது. ஆனால் மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றார்களே, அது வீண்பேச்சு அன்று. வேலூர் மருத்துவர்கள் 1980களில் சோதித்துப் பார்த்துப் பயனுண்டு என்றே எழுதினார்கள்.

இன்று பெரட்டுக்குப் பதில் பல பெண்களுக்குத் தொழிற்சாலை பஸ். மலேசியாவில் பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. 99-ஆம் நாள் பழைய சிக்கல்தான் புது இடத்தில். மாணவியின் அக்காள் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. பால் எடுக்கும் பம்பு வாங்கியிருக்கிறாள். சாமான் அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எடுப்பதாகவும், பத்து நிமிடம் ஆனால் கதவு தட்டப்படுவதாகவும் சொன்னாள். அவசரத்தில் பால் இறங்க மறுக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் சுரப்பு குறையாமல் நிலைக்கும். ஒரு முறை தவறினால் மறுநாளே குறைவு தெரிகிறது என்கிறாள். பம்பு இல்லாதவர்கள் கையாலும் எடுக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்துக்குப் பின்னால் விரல்களை வைத்து மெல்ல அழுத்தவேண்டும்; காம்பைப் பிடித்து இழுக்கலாகாது. எடுத்த பாலைச் சுத்தமான மூடிய புட்டியில் வைத்தால் வெளியே 4 மணி நேரம், குளிர்ப்பெட்டியில் 4 நாள் இருக்கும்.

பாட்டி அந்தப் பம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இருந்திருந்தா மண்ணுல விட்டதைப் புள்ளைக்குக் கொடுத்திருக்கலாமா, டீச்சர்?" என்று கேட்டார். பிறகு அவரே, "ஐஸுக்கு எங்க போறது?" என்று சொல்லிப் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்தார்.