பசியாறும் மேசை

சம்பளம் வாங்கிய மறுநாள் மெர்சிங் பட்டணத்துக்கு வந்தால், தமிழர் சாப்பாட்டுக் கடையில் பசியாறுகிறோம். ரொட்டி சானாய், பருப்புக் கறி, நுரை ததும்பும் தே தாரிக். பக்கத்து நாற்காலியில் மலாய் மீனவர், எதிரே சீனர். நீர் என்ன சாதி என்று எவரும் கேட்பதில்லை.

நம் பாட்டன்மார் விட்டு வந்த ஊர்களில் நிலைமை வேறு. பல தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். சாதி பார்த்து உணவகத்தில் எவரையும் தடுக்கலாகாது என்று, 1950-இல் நடப்புக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு விதித்தது. சட்டம் வந்த பிறகும் 1957-இல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது.

அந்தப் பிரிவினை கப்பலேறி இங்கும் வந்தது. தோட்ட லயங்களில் சாதி பார்த்து வீடு ஒதுக்கியதும் உண்டு. ஆனால் கடை மேசை நம்மை ஒன்றாக உட்கார வைத்தது. பல இனத்தாரும் கூடிப் பசியாறும் இந்த மலேசிய வழக்கத்தை 2024-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கடையில் கேட்காத கேள்வியை, நம் வீட்டுப் பந்திக்கு வருபவரிடமும் கேட்காதிருப்போம்.