வெண்மார்பனும் அவன்ர அயலட்டையும்

கடல்நீர் மீன்தொட்டி வைக்க வெளிக்கிடுகிற ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வி, "இதோட எது ஒத்துப்போகும்?" என்பதுதான். டாங் மீன் வாங்கப் போனால் கேள்வி இன்னும் அவசரமாகிவிடும். பிழையான இரண்டைச் சேர்த்துப் போட்டால் சில நாளிலேயே ஒன்று மேலே மிதக்கும். இது இதோட சேரும், அது சேராது என்று எல்லோரும் ஒப்புவிக்கிற அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நீளமான கதை ஒன்று அகப்படுகிறது. அதில் எங்கட தீவுக்கு நாங்கள் எதிர்பார்த்ததை விடப் பெரிய இடம் இருக்கு.

டாங் என்று கடையில் சொல்வது சேர்ஜன் மீன் குடும்பத்தை. வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி முள் இருப்பதால் அந்தப் பெயர். பெரும்பாலானவற்றில் அது மடங்கி உறைக்குள் கிடக்கும், கோபம் வந்தால் வெளியே வரும். உலகத்தில் எண்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலும் பாசி மேய்கிற மீன்கள். வெறும் கையால் பிடித்தால் விரல் கிழியும்.

1833 இல் பென்னட் என்ற ஆங்கில விலங்கியலாளர், லண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீட்டில் இலங்கைக் கடல் மீன்கள் சிலவற்றைப் புதிய இனங்களாக விவரித்தார். அதில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் அகந்தூரஸ் லியூகோஸ்டெர்னன். முதற்சொல்லுக்கு முள்வால் என்று பொருள், இரண்டாவதற்கு வெண்மார்பு. இன்றைக்கு உலகம் முழுக்கப் பவுடர் புளூ டாங் என்று விற்கப்படுகிற மீன் இதுதான். இளநீல உடம்பு, கறுத்த முகம், தாடைக்குக் கீழே வெள்ளை, முதுகில் மஞ்சள் செட்டை. சரியான வடிவு. ஆனால் லண்டனில் இருந்த பென்னட்டுக்கு அது எதோட சண்டை பிடிக்கும் என்று தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை. போத்தலுக்குள் ஊறிக் கிடக்கிற மீன் எல்லாத்தோடயும் ஒத்துப்போகும்.

கடல் உயிர்களை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிற மோகம் இருபது வருடம் கழித்துத்தான் அதே லண்டனில் பிடித்தது. 1853 இல் ரீஜன்ட் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்வீடு திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய புத்தகம், அக்குவாரியம் என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது. ஆனால் அந்தத் தொட்டிகளில் இருந்தவை இங்கிலாந்துக் கரையின் குளிர்நீர் உயிர்கள்: கடற்சாமந்தி, நண்டு, சின்னச் சின்ன மீன்கள். முருகைக்கல் மீன் ஒன்றை உயிரோட கப்பலில் வாரக்கணக்காகக் கொண்டுபோவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை.

கடல் அலங்கார மீன் ஏற்றுமதி என்ற தொழிலே தொடங்கியது இங்கதான். 1930களில், அப்போதைய சிலோனில், மிகச் சின்ன அளவில். 1950களில் விமானமும் பொலித்தீன் பையும் வந்த பிறகு ஹவாய், பிலிப்பைன்ஸ் என்று மற்ற இடங்களும் சேர்ந்துகொண்டன. அந்தக் காலத்து இலங்கை நீர்மூழ்கிகளில் முக்கியமானவர் றொட்னி ஜொங்க்ளாஸ். மீனை உயிரோட பிடித்து ஏற்றுவதை ஒரு கலையாகச் செய்தவர், 1975 இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1956 இல் இங்கு வந்து சேர்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அவருடைய கூட்டாளிகள். கிளார்க்கும் வில்சனும் அதே வருடம் திருகோணமலை சுவாமிமலைக்குக் கீழே, கடலடியில், பழைய கோணேஸ்வரத்தின் தூண்களைக் கண்ட கதை எங்களில் கன பேருக்குத் தெரியும். (வில்சன் பின்னாளில் துறவியாகி சுவாமி சிவகல்கி ஆனது தனிக் கதை.) கோயில் தூணைத் தேடிப்போன தலைமுறையும் மீன் வியாபாரத்தை வளர்த்த தலைமுறையும் ஒன்றுதான் என்பதைத்தான் நாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

ஏற்றுமதிக்காரருக்கு 'ஒத்துப்போகுதல்' ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பை, ஒரு மீன், ஒக்சிசன், முடிச்சு. சேர்ஜன் மீனைச் சோடியாகப் போட்டால் ஒன்றையொன்று கிழிக்கும், பையையும் கிழிக்கும் என்று பொதி கட்டுகிறவருக்குத் தெரியும். சிக்கல் தொடங்குவது அந்தப் பக்கத்தில் பைகளை அவிழ்த்து, எல்லாத்தையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஊற்றும்போது. 1960களில் செயற்கைக் கடலுப்பு கடைக்கு வந்தது, சிலிக்கன் பசையால் ஒட்டின கண்ணாடித் தொட்டிகளும் பரவத் தொடங்கின. கடலே காணாத ஊர்களிலும் முருகைக்கல் மீன் வளர்க்க முடிந்தது. யார் யாரோட இருக்கலாம் என்ற கேள்வி உண்மையில் அந்தப் பெட்டியோட பிறந்தது.

அதற்கு முதலில் பெரிய பதில் சொன்னவர் ஒஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லொரன்ஸ். 1963 இல் வெளிவந்த, வன்செயல் உணர்வு பற்றிய அவருடைய புத்தகம் முருகைக்கல் மீன்களோடதான் தொடங்குகிறது. புளோரிடாக் கரையில் நீந்தியும் தன் தொட்டிகளைப் பார்த்தும் அவர் சொன்னது இது: விளம்பரத்தட்டி மாதிரிப் பளிச்சென்ற நிறம் கொண்ட மீன்கள் தங்கட இனத்தைத்தான் கடுமையாகத் தாக்கும், வேறு இனத்தைப் பெரிதாகக் கணக்கில் எடுக்காது. நிறம் என்பது "இது என்ர இடம்" என்று தன் இனத்துக்குக் காட்டுகிற கொடி. மீன் வளர்க்கிறவர்கள் சொல்லும் "ஒரு இனத்தில் ஒன்று" என்ற விதிக்கு இது நல்ல துணையாக அமைந்தது.

ஆனால் லொரன்ஸ் மீனோட நிற்கவில்லை, புத்தகத்தின் கடைசிப் பகுதியில் மனிசருக்குத் தாவினார். 1938 இல் நாசிக் கட்சியில் சேர்ந்தவர் அவர் என்பதையும், 1973 இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேணும். இனம், இயல்பு, எல்லை என்ற சொற்களை மிருகங்களிடமிருந்து எடுத்து மனிசரில் ஒட்டினால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் மீனோடயே நிற்கிறோம். மீனிலேயே அவருடைய விதி பாதிதான் சரி.

மற்றப் பாதி இந்து சமுத்திரத்தின் அல்டாப்ரா தீவிலிருந்து வந்தது. ரொபேட்சன், பொலுனின், லெய்ற்றன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அங்கே ஒரே பாறையில் வாழ்கிற மூன்று சேர்ஜன் இனங்களைக் கவனித்து 1979 இல் எழுதினார்கள். ஒன்று அலை அடிக்கிற விளிம்பில் இருக்கிற கோட்டுச் சேர்ஜன், இன்னொன்று எங்கட வெண்மார்பன், மூன்றாவது மண்ணிறமான, கூர்மூக்கு ஸ்கோபஸ் டாங். மூன்றும் காவல் காப்பது மேய்ச்சல் நிலத்தை. விரட்டுவது தன் இனத்தை மட்டுமில்லை, அதே பாசிக்கு வாய் வைக்க வருகிற மற்ற இனத்தையும்தான். உடம்பு பெரிய கோட்டுச் சேர்ஜனின் கைதான் ஓங்கும். ஆக, சண்டை நிறத்துக்காக இல்லை, சாப்பாட்டுக்காக. ஒரே மாதிரி உடம்பும் ஒரே மாதிரி வாயும் ஒரே பாசியைத் தேடும். அதனால் ஒரே மாதிரி இருப்பவை மோதும்.

இன்னொரு விசயமும் உண்டு. தொட்டிக்குள் தனியாகத்தான் இருக்கும் என்று பேர் வாங்கின இந்த வெண்மார்பனே கடலில் சில நேரம் பெரிய கூட்டமாகச் சேர்ந்து மேயும். காவல்காரன் ஒன்றைத் துரத்தும்போது மிச்சம் எல்லாம் தின்றுகொண்டிருக்கும். அப்படியென்றால் "சண்டைக்கார மீன்" என்று இதன்ர நெற்றியில் எழுதி ஒட்டுவது சரியில்லை. ஓட இடமும் மேயப் பாசியும் இல்லாத இடத்தில் அது சண்டைக்காரன்.

இதை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, காரணம் விளங்கிவிடும். வாய் வேறாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேணும். தூரிகைப் பல்லுள்ள டெனோகீட்டஸ் வகை, பாறையில் படிந்த மெல்லிய படலத்தைச் சுரண்டும். யெல்லோ டாங், ஸ்கோபஸ் முதலான செப்ராசோமா வகை கூர்மூக்கால் இடுக்குப் பாசியைப் பிடுங்கும். 'டோரி' என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த புளூ டாங், தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களை அதிகம் தின்னும். இந்த மூன்றில் ஒவ்வொன்று, ஆறடி நீளமும் ஐந்நூறு லீற்றர் அளவும் உள்ள தொட்டியில் பெரும்பாலும் சமாளிக்கும். யெல்லோவையும் ஸ்கோபஸையும் சேர்த்தால் அதுவே கலகம், இரண்டும் ஒரே சாதி வாய். வெண்மார்பன் வேணுமென்றால் ஒன்றே ஒன்று, அதுவும் எல்லாருக்கும் கடைசியாக. முதலில் போட்டால் முழுத் தொட்டியும் அதன்ர வளவு. இன்னொரு அகந்தூரஸ் கூடவே கூடாது. பாசித் தாளை ஒரு மூலையில் கட்டாமல் இரண்டு மூன்று இடத்தில் கட்டினால் பாதிச் சண்டை குறையும். புதிய மீனைச் சில நாள் துளையுள்ள பெட்டிக்குள் விட்டு மற்றவற்றுக்குக் காட்டுவதும், தொட்டிக்கு வெளியே கண்ணாடி வைத்துப் பழைய மீனின் கவனத்தைத் திருப்புவதும் பலன் தருகிற தந்திரங்கள்.

துரத்தப்படுகிற மீன் காயத்தால் மட்டும் சாவதில்லை. பயத்தில் தின்னாமல் மெலிந்து, வெள்ளைப்புள்ளி நோய் பிடித்துச் சாகும். அந்த நோய்க்கு வெண்மார்பன் பேர்போனவன். நாலு அடித் தொட்டியில் அதை வைத்திருக்கலாம் என்று சொல்லுகிற ஆட்களை நாங்கள் நம்பமாட்டோம்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு கறாராகச் சொல்லுகிறோம் என்றால், செத்த மீனுக்குப் பதிலாக வருகிற அடுத்த மீனும் பாறையிலிருந்துதான் வர வேணும். அதைப் பிடிக்க ஒருவர் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்க வேணும். திரும்பத் திரும்ப இறங்கி ஏறுகிற இந்தத் தொழிலில் உடம்பு முடங்கிப்போகிற ஆபத்து எப்பவும் இருக்கு. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கில் கடலுக்குள் இறங்குவதே கட்டுப்பாடாக இருந்தது. 1998 இல் கடல் சூடாகி ஹிக்கடுவை உட்படப் பல இடங்களில் முருகைக்கல் வெளிறிச் செத்தது, நிலாவெளிக்கு முன்னால் உள்ள புறாத்தீவு அந்த முறை தப்பியது. 1999 இல் எலிசபெத் வூட்டும் நாரா நிறுவனத்தின் அர்ஜான் ராஜசூரியவும் இலங்கையின் அலங்கார மீன்பிடி பற்றித் தனி அறிக்கையே எழுதினார்கள். முருகைக்கல்லின் மேல் கவிழ்த்து, கல்லை உடைத்து மீன் பிடிக்கிற மொக்ஸி வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. முருகைக்கல் செத்த இடத்தைப் பாசி மூடாமல் மேய்ந்து வைத்திருப்பவற்றில் சேர்ஜன் மீன்களும் அடக்கம்.

தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைப்பது கன காலம் கைகூடவில்லை. குஞ்சுகள் வாரக்கணக்காகத் திறந்த கடலில் மிதப்பவை, வாய் அவ்வளவு சின்னது. 2015 இல் ஹவாயில் யெல்லோ டாங்கும், 2016 இல் புளோரிடாவில் புளூ டாங்கும் வளர்த்தெடுக்கப்பட்டன. பண்ணையில் வளர்ந்த யெல்லோ டாங் இப்போது விற்பனைக்கும் வருகிறது. விலை கூட. ஆனாலும் முதல் டாங் வாங்குகிறவருக்கு நாங்கள் அதைத்தான் சொல்லுவோம்.

மனசு வெண்மார்பனிலேயே நின்றால், கடைக்காரரிடம் மூன்று விசயம் கேளுங்கோ: எந்தக் கடலில் பிடித்தது, கடைக்கு வந்து எத்தனை நாள், என்ன தின்னுகிறது. பிறகு உங்களுக்கு முன்னால் ஒரு துண்டுப் பாசித்தாள் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. வயிறு உள்வாங்கி, முதுகு கத்தி மாதிரி மெலிந்திருந்தால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் பேசாமல் திரும்பி வாங்கோ.