பொதுப் பரணின் மொழி

சென்ற கோடை விடுமுறையில் மகளின் மேற்படிப்புக்கென ஒரு மடிக்கணினி வாங்கினோம். அதை வீட்டு வலையமைப்பில் இணைத்த அன்றே ஒரு சிக்கல் தலைகாட்டியது. எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவரலமாரியின் மேல்தட்டில், இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர் ஒன்று இருக்கிறது. அதன் யூஎஸ்பி துளையில் ஒரு வெளி வன்தட்டைச் செருகிவைத்துப் பத்தாண்டுகள் ஆகின்றன. வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் அந்த வன்தட்டைத் திறக்கலாம், எடுக்கலாம், வைக்கலாம். பழைய வீடுகளில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பரண் இருந்ததைப் போல, இது எங்கள் வீட்டின் பொதுப் பரண்.

பரணில் கிடப்பவை பலவகை. குடும்ப நிழற்படங்கள் உண்டு. மறுபதிப்புக் காணாத நூல்களின் மின்படிகள் உண்டு. இவை எல்லாவற்றினும் முதன்மையானவை, 2008 முதல் நம் மாணவர்கள் விடுமுறைதோறும் தத்தம் ஊர்களில் ஒலிப்பதிவு செய்து கொணர்ந்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் நடவுப் பாடல்களும். பாடியவர்களுள் பலர் இன்று இல்லை.

புதிய மடிக்கணினிக்கு அந்தப் பரண் தென்படவில்லை. முகவரியைத் தட்டச்சிட்டுப் பார்த்தும் பயனில்லை. "தட்டு போயிடுச்சாப்பா?" என்று மகள் கேட்டாள். உடனே விடை சொல்ல வாய் வரவில்லை. அடுத்த அறையிலிருந்த பழைய கணினியில் திறந்து பார்த்தோம். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. வன்தட்டு நலமாகத்தான் இருந்தது, பழுதுபட்டிருந்தது மொழி. பழைய ரவுட்டர் பேசிய மொழியைப் புதிய கணினி பேச மறுத்தது. ஏன் மறுத்தது என்று தேடப் புகுந்தபோது, நாற்பதாண்டுக்கால வரலாறு ஒன்று விரிந்தது. இலக்கியம் படிப்போரும் அறிந்துவைக்கத் தக்க வரலாறு அது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

கதை 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் தொடங்குகிறது. அக்காலத்துத் தனிமேசைக் கணினியின் நிரல்கள் தம் கணினியில் பொருத்திய தட்டு ஒன்றையே அறிந்தவை. 'இந்தக் கோப்பைத் திற, இத்தனை எழுத்துகளைப் படி, மூடு' என்று இயங்குதளத்திடம் கேட்பதே அவற்றின் வழக்கம். அந்த வேண்டுகோளை நடுவழியில் பிடித்து, கம்பி வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் விடையை உள்ளூர்த் தட்டிலிருந்து வந்ததுபோலவே நிரலிடம் கொடுத்துவிட்டால் என்ன? இதைச் செயலாக்கியவர் பாரி ஃபைகன்பாம். நிரலுக்குத் தன் கோப்பு பக்கத்து அறையிலிருந்து வருகிறது என்பதே தெரியாது. இவ்வாறு கணினிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளின் வடிவத்துக்கு 'சர்வர் மெசேஜ் பிளாக்' என்று பெயர், சுருக்கமாக எஸ்.எம்.பி. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை எடுத்து விரிவாக்கி, தன் வலையமைப்பு மென்பொருள்கள் அனைத்துக்கும் அடிப்படையாக்கியது.

மொழி பரவியது, ஆனால் அதற்கு எல்லோரும் பார்க்கத்தக்க முழுமையான இலக்கணநூல் இல்லை. பேசியவை பெரும்பாலும் வணிக நிறுவனங்களின் கணினிகளே. யூனிக்ஸ் போன்ற பிற குலத்துக் கணினிகள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள இயலாமல் வெளியே நின்றன.

இந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் முனைவர்பட்ட ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் வருகிறார். 1991 இறுதியில் அவருக்கு நேர்ந்த தேவை மிகச் சிறியது. தம் மேசைக் கணினியிலிருந்து ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைத் திறக்க வேண்டும். மேசைக் கணினியில் இருந்ததோ டிஜிட்டல் நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் மென்பொருள். அது எந்த மொழியில் பேசுகிறது என்பதற்கு அவரிடம் ஆவணம் ஏதுமில்லை. எனவே கம்பியில் ஓடும் செய்திகளை ஒட்டுக்கேட்கும் கருவிநிரல் ஒன்றைக் கொண்டு, இரு கணினிகளின் உரையாடலைக் கவனிக்கத் தொடங்கினார். இன்ன கேள்விக்கு இன்ன விடை. கேள்வியில் இந்த எண் மாறினால் விடையில் அந்த எண் மாறுகிறது. இப்படியே குறித்துக்கொண்டு, அதே விடைகளைத் தாமும் தரும் நிரலை எழுதினார். 1992 சனவரியில் அதை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார்.

இம்முறையைப் பின்னாளில் அவர் ஓர் உவமையால் விளக்கினார். பிரெஞ்சு அறியாத ஒருவர் பிரெஞ்சு உணவகத்தில் அமர்ந்திருக்கிறார். பக்கத்து மேசையில் ஒருவர் ஏதோ சொல்ல, பணியாளர் ஏதோ கொண்டுவருகிறார். எந்தச் சொல்லுக்கு எந்தப் பண்டம் வருகிறது என்று பொறுமையாகக் கவனித்தால், அகராதியின்றியே மொழி கைவரத் தொடங்கும். இலக்கியம் முன், இலக்கணம் பின் என்று வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோமே, அதுதான் இது. வழக்கைக் கேட்டு விதியைக் கண்டடைவது. எழுத்தில்லாத மொழிகளுக்கு இலக்கணம் வகுத்த களஆய்வாளர்கள் செய்ததும் இதுவே.

தம் தேவை நிறைவேறியதும் டிரிட்ஜெல் அந்த நிரலை ஏறத்தாழ மறந்துவிட்டார். இரண்டாண்டுகள் கழித்து அதை அவர் மீண்டும் கையிலெடுத்ததற்குக் காரணம் அலுவலகம் அன்று, வீடு. தம் லினக்ஸ் கணினியையும் மனைவியின் கணினியையும் இணைக்க விரும்பினார். பழைய நிரலை எடுத்து ஓட்டினால், அது வேலை செய்தது. ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்காக எழுதியது இன்னொன்றுக்கும் பொருந்தியதைக் கண்டபோதுதான், தாம் கற்றது ஒரு வட்டாரக் கிளைமொழி அன்று, ஒரு பெருமொழி என்பது அவருக்குப் புலப்பட்டது. 1993 இறுதியில் அது ஒரு கூட்டுமுயற்சியாக உருவெடுத்தது. அதன் பெயரை வேறொரு நிறுவனம் தனக்குரியது என்று கோரியதால், 1994இல் புதுப்பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி என்ற மூன்றெழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியின் சொற்பட்டியலில் தேடினார் டிரிட்ஜெல். கிடைத்தவற்றுள் ஒன்று 'சாம்பா'. அதுவே நிலைத்தது.

ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழிக்கு முறையான இலக்கணநூல் கிடைக்க வழக்காடுமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்ததோடு, பிறர் மென்பொருள்களும் உரையாட ஏதுவாக நெறிமுறை விவரங்களை வெளியிடவும் ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பரில் அத்தீர்ப்பு பெரும்பாலும் உறுதிப்பட்டது. அவ்வாண்டு திசம்பரில், 10,000 யூரோ கட்டணம் செலுத்தப்பட்டு, ஆவணங்கள் சாம்பா குழுவினர் கைக்கு வந்தன. முதல் நிரல் வெளிவந்து பதினைந்தாண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

இதற்கிடையே வேறொரு திசையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வீட்டு ரவுட்டர் என்பது பார்வைக்கு ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு முழுக் கணினி. 2002 இறுதியில் விற்பனைக்கு வந்த லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்குள் இயங்குவது லினக்ஸ் என்பதை 2003இல் ஆர்வலர்கள் கண்டறிந்தனர். கட்டற்ற மென்பொருளின் உரிம விதிப்படி மூலநிரலை வெளியிட வேண்டும் என்று கேட்டனர், நிறுவனம் வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற பொது முயற்சி பிறந்தது. லினக்ஸ் இருக்கும் இடத்தில் சாம்பாவையும் குடியேற்றலாம் அல்லவா? யூஎஸ்பி துளை, லினக்ஸ், சாம்பா ஆகிய மூன்றும் சேர்ந்தபோது, வன்தட்டைச் செருகினால் வீடு முழுவதும் பகிரும் ரவுட்டர்கள் கடைக்கு வந்தன.

தமிழருக்கு இக்கதையில் ஒரு சிறப்புத் தொடர்பு உண்டு. ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்ததும் 1991இல்தான். அதில் தமிழும் இடம்பெற்றது. எனினும் வலையமைப்பில் கோப்பின் பெயரைத் தமிழில் அனுப்பும் வசதி உடனே வாய்க்கவில்லை. திஸ்கி முதலிய குறியேற்றங்களோடு நாம் போராடிய காலம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். கோப்பைத் திறந்தால் தமிழ். பெயரைப் பார்த்தால் வினாக்குறிகள். 2003 செப்டம்பரில் வந்த சாம்பா 3.0 பதிப்புதான் ஒருங்குறிப் பெயர்களைச் செம்மையாக ஏற்றது.

அந்த 3.0 வரிசையே பின்னர் ஒரு தேக்கமும் ஆயிற்று. 2008இல் வந்த 3.2 பதிப்பு முதல் சாம்பா புதிய உரிமத்துக்கு மாறியது. பெட்டியில் புகுத்தும் மென்பொருளைப் பயனர் மாற்றிக்கொள்ள இடமளிக்க வேண்டும் என்ற அதன் விதியை ரவுட்டர் செய்வோர் பலர் விரும்பவில்லை. புதிய பதிப்புகள் உருவத்திலும் பெருத்திருந்தன. ரவுட்டரின் நினைவகமோ சிறிது. ஆகவே பல பெட்டிகளில் 3.0 வரிசையே நெடுங்காலம் தங்கிவிட்டது. எஸ்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பு 2006இலும் மூன்றாம் பதிப்பு 2012இலும் வந்தபோதும், அப்பெட்டிகள் 1980களின் முதற்பதிப்பையே பேசிக்கொண்டிருந்தன. வீட்டில் எவருக்கும் அது தெரியவில்லை. வேலை நடந்தது; அதனால் கேள்வி எழவில்லை.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற நச்சுநிரல் உலகைத் தாக்கியது. சுமார் 150 நாடுகளில் கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த வழி, எஸ்.எம்.பி. முதற்பதிப்பை விண்டோஸ் கையாண்ட முறையில் இருந்த ஒரு பிழை. திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தும், போட்டுக்கொள்ளாத கணினிகள் ஏராளம். அதே மாதத்தில் சாம்பாவிலும் ஏழாண்டுகளாக ஒளிந்திருந்த ஒரு பிழை வெளிப்பட்டது. பொதுவுடைமையாயிற்றே என்பதால் மட்டும் ஒரு நிரல் தூய்மையாகிவிடாது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், பழைய மொழியைப் புதிய கணினிகள் தாமாகப் பேசாதவாறு படிப்படியாக விலக்கிவைத்தார்கள். எங்கள் மகளின் மடிக்கணினி பரணைக் காணாத காரணம் இதுதான்.

எங்கள் முன் இருந்த எளிய வழி, மடிக்கணினியின் அமைப்பில் ஒரு குறியிட்டுப் பழைய மொழியை மீண்டும் பேசவைப்பது. இரண்டு நிமிட வேலை. ஆனால் கல்லூரிக்கும் விடுதிக்கும் போய்வரும் கணினியில் அந்தக் கதவைத் திறந்துவைக்க மனம் ஒப்பவில்லை. ரவுட்டருக்குப் புதிய மென்பொருள் தேடினோம். அதைச் செய்தவர்கள் அந்த மாதிரியைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. இறுதியில், பழைய மேசைக் கணினியில் லினக்ஸையும் இன்றைய சாம்பாவையும் நிறுவினோம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வகுத்தோம். அக்கணினிக்கு வீட்டுக்குள் மாறாத ஓர் எண்முகவரி கொடுத்தோம். வெளி இணையத்திலிருந்து எவரும் எட்டாதபடி பார்த்துக்கொண்டோம். ரவுட்டர் இனி வழி மட்டும், பரண் அன்று.

பதிவுகளைப் புதிய வன்தட்டுக்குப் பெயர்த்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் வர மறுத்தன. காரணம் வியப்பானது. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். 'க்' என்ற மெய்யெழுத்து ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடு, ஆறு பைட்டு. ஆக, 85 குறியீடுகளோடு தமிழ்ப் பெயர் முடிந்தாக வேண்டும். மாணவர்களோ பாடியவர் பெயர், ஊர், பாட்டின் முதலடி என எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதியிருந்தார்கள். வேறெங்கும் அக்குறிப்புகள் இல்லை.

மகளும் நாமும் இரண்டு மாலைகள் அமர்ந்து, முழுக் குறிப்பையும் ஒரு தனிக்கோப்பில் எழுதிவிட்டுப் பெயர்களைச் சுருக்கினோம். சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு பதிவையும் சிறிது கேட்டோம். ஒன்றில் ஒரு மூதாட்டி பாட்டை நடுவில் நிறுத்தி, "இது பதியுதா கண்ணு?" என்று கேட்கிறார். பதிகிறது என்கிறான் மாணவன். அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

ஏட்டுச் சுவடிகள் ஓலையின் உறுதியால் நம் காலம் வரை வந்துசேரவில்லை. தலைமுறைக்கு ஒருமுறை எவரோ ஒருவர் பெயர்த்தெழுதியதால் வந்தன. வன்தட்டுக்கும் அதுவே விதி. தட்டு இருந்தால் மட்டும் போதாது. அதனோடு பேசும் மொழியும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாம் படியொன்றை எடுத்துத் தங்கை வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பை மகள் ஏற்றிருக்கிறாள்.