நம்ம குழுவுக்கு நாமே ஒரு சோஷியல் மீடியா சர்வர்: கன்டெய்னரில் ஏற்றுவது எப்படி, காப்பாற்றுவது எப்படி?

தெற்கு தில்லியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தில்லி ஹாட்டுக்கு எதிரே, மெட்ரோவில் இறங்கினால் நடந்து போகும் தூரம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழை இலை, இட்லி அரிசி, மீன் என்று ஊர்ச் சாமான் தேடி வருபவர்கள் ஒரு பக்கம்; தூதரகக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுச் சாஸ் வாங்க வருபவர்கள் இன்னொரு பக்கம்.

ஒரு கற்பனை. இந்த மார்க்கெட்டைச் சுற்றி வாழும் இருநூறு தமிழர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இன்னைக்கு வஞ்சிரம் வந்திருக்கா, எந்த ஏரியாவில் வாடகைக்கு வீடு காலியா இருக்கு, பொங்கலுக்கு மண்பானை எங்கே கிடைக்கும் என்பதுதான் பேச்சு. எல்லாம் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் ஆப்பில் நடக்கிறது. அதை அவர்களே நடத்தும் ஒரு சர்வருக்கு மாற்ற முடியுமா?

முடியும். லினக்ஸ் பழக்கம் உள்ள ஒருவருக்கு ஒரு சனிக்கிழமை மாலை போதும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குவதுதான் உண்மையான வேலை. அதைப் பற்றி யூடியூப் டுடோரியல்கள் அதிகம் பேசுவதில்லை.

எதுக்கு இந்த வேலை?

2019 அக்டோபரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி ஜெர்மனியில் கூட்டமே கையை நீட்டி சல்யூட் அடிக்க, ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் புகழ்பெற்ற படம்தான் அவரது பக்கத்தின் முகப்பில் இருந்தது. முதலில் அந்தப் படத்துக்காக முடக்கினார்கள். திரும்பக் கொடுத்த பிறகு, ஒரு இந்திக் கவிதை சம்பந்தப்பட்ட பழைய பதிவுக்காக மீண்டும் முடக்கினார்கள். அவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த நவம்பரில் ஏராளமான இந்தியர்கள் ட்விட்டருக்கு மாற்றாக மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள்.

தளமே மூடப்படுவது இன்னொரு வகை இழப்பு. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. தமிழிலும் எழுதலாம் என்று வந்த நம்ம பெங்களூரு 'கூ' ஆப், 2024 ஜூலையில் கடையை மூடுவதாக அறிவித்தது. அதில் எழுதியவர்களுக்கு முடிவில் எந்தப் பங்கும் இல்லை.

மாஸ்டடான் என்பது ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ 2016-ல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் ஓட்டலாம். இப்படி ஓடும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரநிலையாக ஏற்றது. ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மெயில் அனுப்புவது மாதிரிதான்: நம்ம ஐ.என்.ஏ. குழுவின் சர்வரில் இருப்பவர் ஜப்பானில் உள்ள சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம்.

கன்டெய்னர்னா என்ன?

மார்க்கெட்டையே பாருங்கள். ஒரே கூரை, ஒரே மின்சார இணைப்பு, ஒரே தண்ணீர். ஆனால் மீன் கடையின் தராசும் கத்தியும் மீன் கடைக்குள். மசாலாக் கடையின் டப்பாக்கள் மசாலாக் கடைக்குள். ஒன்று மூடினால் மற்றது நிற்காது. கன்டெய்னர் இப்படித்தான். ஒரே லினக்ஸ் கெர்னலைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய லைப்ரரிகளோடு தன் தடுப்புக்குள் ஓடும். விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒவ்வொரு வியாபாரியும் தனிக் கட்டடம் கட்டி, தனி ஜெனரேட்டர் வைத்துக்கொள்வது போல.

மாஸ்டடானுக்கு ஐந்து கடைகள் வேணும். பயனர் பார்க்கும் பக்கங்களைத் தருவது ரூபியில் எழுதிய வெப் பகுதி. புதுப் பதிவுகளை உடனுக்குடன் தள்ளுவது நோட் ஜே.எஸ்.ஸில் ஓடும் ஸ்ட்ரீமிங் பகுதி. மூன்றாவது சைட்கிக், மற்ற சர்வர்களுக்குப் பதிவுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மெயில் அனுப்புவது எல்லாம் இதன் தலையில்தான். எல்லாவற்றையும் எழுதி வைக்கும் கணக்குப் புத்தகம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கைக்குறிப்பு போல ரெடிஸ். இந்த ஐந்தையும் தனித்தனியாக இன்ஸ்டால் செய்தால் எந்த வெர்ஷன் எதோடு ஒத்துப்போகும் என்பதே பெரிய தலைவலி. டாக்கர் கம்போஸ் ஃபைல் ஒன்றில் ஐந்தையும் எழுதிவிட்டால் ஒரே கட்டளையில் எல்லாம் எழுந்து நிற்கும். அந்த ஃபைல் மாஸ்டடானின் சோர்ஸ் கோடிலேயே தயாராக இருக்கிறது.

ஏற்றும் மாலை

2 சி.பி.யூ., 4 ஜி.பி. ரேம் உள்ள கிளவுட் மெஷின் ஒன்று இருநூறு பேருக்குத் தாராளம். நிறுவனத்தைப் பொறுத்து மாதம் ஐந்நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகும். ஒரு டொமைன் பெயர், கணக்கு உறுதிசெய்யும் மெயில்களை அனுப்ப ஒரு மெயில் சேவை. மெயிலை அந்த மெஷினிலிருந்தே அனுப்பலாமே என்று தோன்றும். பெரும்பாலான கிளவுட் நிறுவனங்கள் போர்ட் 25-ஐ அடைத்து வைத்திருக்கும். தனி மெயில் சேவையிடமே விட்டுவிடுங்கள்.

டாக்கரை நிறுவி, கம்போஸ் ஃபைலை எடுத்து, அமைப்பு ஃபைலில் டொமைன் பெயரையும் ரகசியச் சாவிகளையும் நிரப்ப வேண்டும். சாவிகளை உருவாக்கும் கருவி மாஸ்டடானுக்குள்ளேயே உண்டு. பிறகு டேட்டாபேஸை உருவாக்கும் கட்டளை, கன்டெய்னர்களை எழுப்பும் கட்டளை, உரிமையாளர் கணக்கை உருவாக்கும் கட்டளை. வாசலில் என்ஜின்எக்ஸ் அல்லது கேடி நிற்கும். வருபவர்களை வெப் பகுதியின் போர்ட் 3000-க்கோ ஸ்ட்ரீமிங்கின் 4000-க்கோ அனுப்பும். எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. கேடி வைத்தால் அதைப் புதுப்பிக்கும் கவலையும் இல்லை.

இதில் ஒரு முடிவை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீங்க: டொமைன் பெயர். ஒவ்வொரு பயனரின் முகவரியிலும் அது ஒட்டிக்கொள்ளும், மற்ற சர்வர்களும் அதை வைத்தே உங்களை நினைவில் வைத்திருக்கும். பிறகு மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டைலுக்காக வேறு நாட்டு எழுத்துகளில் முடியும் டொமைன் வாங்குபவர்கள் ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்கானிஸ்தானின் 'டாட் ஏஎஃப்' டொமைனில் 'குயீர்' என்ற பெயரில் ஒரு மாஸ்டடான் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபன் நிர்வாகம் அந்த டொமைனை முடக்கியது. சர்வர் நல்லாத்தான் இருந்தது, முகவரிதான் போய்விட்டது.

கடையைப் பிரிக்கலாம், கல்லாவை விடக் கூடாது

கன்டெய்னரின் வசதியே, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைக்கலாம் என்பதுதான். ஆபத்தும் அங்கேதான். இரவில் கடையைப் பிரித்து காலையில் புதிதாகப் போடலாம். கல்லாப்பெட்டியும் கணக்கு நோட்டும் கடையோடு சேர்ந்து போய்விடக் கூடாது. கன்டெய்னருக்குள் மட்டும் எழுதப்பட்டது, கன்டெய்னரை நீக்கினால் அழிந்துவிடும். அதனால்தான் கம்போஸ் ஃபைலில் போஸ்ட்கிரெஸின் தகவல்கள், பயனர்கள் ஏற்றிய படங்கள் எல்லாம் மெஷினின் சொந்த ஃபோல்டர்களோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த வரிகளைப் புரியாமல் தொடாதீர்கள்.

பேக்கப் எடுக்க வேண்டியவை மூன்று. டேட்டாபேஸ் போனால் கணக்குகள், பதிவுகள், பின்தொடர்பவர்கள் எல்லாம் போச்சு. ரகசியச் சாவிகள் உள்ள அமைப்பு ஃபைல் போனால் இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்கள் உள்ளே வர முடியாது. பயனர்கள் ஏற்றிய படங்கள் மூன்றாவது. ரெடிஸ் போனால் பெரிய நஷ்டமில்லை, முகப்புப் பதிவுகளைத் திரும்ப உருவாக்கிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது. அதற்கென்று உள்ள டம்ப் கருவியால் எடுத்து, வேறு நிறுவனத்தின் மெஷினில் வைக்கணும். மாதம் ஒருமுறை வேறொரு இடத்தில் ஏற்றிப் பார்க்கணும். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பி இருநூறு பேரைக் கூப்பிடுவது சரியில்லை.

அடுத்தது டிஸ்க். உங்கள் பயனர்கள் பின்தொடரும் வெளி சர்வர்களின் படங்களையும் மாஸ்டடான் உங்கள் மெஷினில் சேமிக்கும். குழு சின்னதுதானே என்று இருந்தால் சில மாதத்தில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நிற்கும். இத்தனை நாளுக்கு மேல் வெளிப் படங்களை வைக்காதே என்று அட்மின் பக்கத்தில் ஒரு அமைப்பு உண்டு. முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பலரையும் மாட்டிவிடும் இன்னொரு விஷயம் ஃபயர்வால். உபுண்டுவில் யு.எஃப்.டபிள்யூ.வைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டுகள் அந்த விதிகளைத் தாண்டிப் போகும். கம்போஸ் ஃபைலில் போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று இருந்தால் அந்த மெஷினுக்குள் மட்டும் திறக்கும். அதை எடுத்துவிட்டால் உலகத்துக்கே திறக்கும். டேட்டாபேஸுக்கும் ரெடிஸுக்கும் போர்ட் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்டேட்டும் தள்ளிப்போடக் கூடாத வேலை. 2023 ஜூலையில், ஒரு படத்தை ஏற்றியே சர்வரில் விரும்பிய இடத்தில் ஃபைல் எழுதக்கூடிய மோசமான ஓட்டை மாஸ்டடானில் அடைக்கப்பட்டது. அன்று அப்டேட் செய்யாத சர்வர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. கன்டெய்னரில் இது சுலபம்: வெர்ஷன் எண்ணை மாற்றி, புது இமேஜை இழுத்து, டேட்டாபேஸ் மாற்றங்களை ஓட்டி, திரும்ப எழுப்ப வேண்டும். 'லேட்டஸ்ட்' என்று பொதுவாக எழுதாமல் எண்ணைக் குறிப்பிட்டே வையுங்கள். அப்போதுதான் எது மாறியது என்று தெரியும். அதற்கு முன் பேக்கப், சொல்லவே வேண்டாம்.

அட்மின் என்றால் பொறுப்பு

இதுவரை சொன்னது மெஷின் சமாச்சாரம். மனிதர்கள் சமாச்சாரம் இதைவிடக் கஷ்டம். மாஸ்டடானின் தனிப்பட்ட மெசேஜ்கள் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் கொண்டவை அல்ல. டேட்டாபேஸ் யார் கையில் இருக்கிறதோ அவரால் படிக்க முடியும். வாட்ஸ்அப்பில் இருக்கும் அந்தப் பாதுகாப்பு இங்கே இல்லை என்பதைச் சேரும்போதே பயனர்களுக்குச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. பதிவை எல்லாருக்கும் திறந்து வைக்காமல், அட்மின் ஒப்புதலோடு மட்டும் சேர்க்கும்படி வையுங்கள். 2024 பிப்ரவரியில் ஃபெடிவர்ஸ் முழுக்க ஸ்பேம் வெள்ளம் வந்ததே, யாரும் கவனிக்காமல் பதிவைத் திறந்து வைத்திருந்த சின்ன சர்வர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வந்தது.

சட்டமும் உண்டு. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்குத்தான் கடுமையான கூடுதல் கடமைகள். ஆனால் பயன்பாட்டு விதிகளை வெளியிடுவது, குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தருவது போன்றவை எல்லா இடைநிலைத் தளங்களுக்கும் பொது. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, ஹேக்கிங் போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்தில் தெரிவிக்கவும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. இருநூறு பேரைச் சேர்க்கும் முன் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

பத்துப் பேர்தான் என்றால் மாஸ்டடானே வேண்டாம் என்பேன். கோடுசோஷியல் என்ற சின்ன மென்பொருள் அதே ஃபெடிவர்ஸோடு பேசும், ஒரே கன்டெய்னரில் அடங்கிவிடும், ரேமும் கொஞ்சம்தான் கேட்கும். மாஸ்டடானுக்கான டஸ்கி ஆப்பிலேயே உள்ளே நுழையலாம்.

பெரிய குழு என்றால், மாஸ்டடான் தன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேரும் சர்வர்களிடம் கேட்கும் உறுதிமொழியை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். வெறுப்புப் பேச்சைக் கண்காணித்து நீக்கணும். தினமும் பேக்கப் எடுக்கணும். அவசரத்துக்கு உள்ளே நுழைய இன்னொருவரிடமும் சாவி இருக்கணும். மூடுவதாக இருந்தால் 3 மாதம் முன்பே சொல்லணும். இந்தக் கடைசி நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது: ஒருவர் வேறு சர்வருக்குக் குடிபோகும்போது அவரைப் பின்தொடர்பவர்களைக் கூடவே கூட்டிப் போகலாம், ஆனால் பழைய சர்வர் உயிரோடு இருந்தால் மட்டும்தான் அது நடக்கும். பழைய பதிவுகள் கூட வராது. 2023-ல் 'மாஸ்டடான் டாட் லொல்' சர்வரை அதன் நிர்வாகி சலித்துப்போய் மூட முடிவு செய்தபோது, பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டு மே வரை ஓட்டினார். அங்கே இருந்தவர்களுக்கு மூட்டை கட்ட நேரம் கிடைத்தது.

மார்க்கெட்டில் முதலாளி ஊருக்குப் போனால் பக்கத்துக் கடைக்காரரிடம் சாவி இருக்கும். சர்வர் வாங்கும் முன் அந்த இரண்டாவது ஆளைப் பிடியுங்கள். டொமைன் புதுப்பிக்கும் தேதியும் பாஸ்வேர்டும் அவரிடமும் இருக்கட்டும்.