இரவில் புதைக்கப்பட்ட எழுத்தாளன்

1673-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள். பாரிசு நகரத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் இருள் சூழ்ந்த பின்னரே ஒரு சடலம் புதைக்கப்பட்டது. பகலில் அடக்கம் செய்ய அனுமதி இல்லை. சடங்குச் சிறப்பு இல்லை. கொலைகாரனா அவன்? கொள்ளையனா? இல்லை! நாடகம் எழுதினான், நடித்தான், நாட்டைச் சிரிக்க வைத்தான். மோலியர் அவன் பெயர்.

1622-இல் பிறந்தவன். தந்தை, அரண்மனைக்கு மெத்தையும் திரையும் அமைத்துத் தரும் பதவியினர். அப்பதவி மைந்தனுக்காகக் காத்திருந்தது. மைந்தனோ மேடையை நாடினான்! 1643-இல் மதலேன் பெழார் என்னும் நடிகையுடன் கூடி நாடகக் குழு அமைத்தான். நட்டம் வந்தது, கடன் வளர்ந்தது, 1645-இல் சிறையும் வாய்த்தது. மீண்டவன் ஊர் ஊராகச் சுற்றினான், 13 ஆண்டுகள்! ஆசிரியன், நடிகன், பயிற்றுவோன், குழுத் தலைவன் — நான்கு பணியும் ஒருவனே ஏற்றான். 1658-இல் பதினான்காம் லூயி மன்னன் முன் நடித்துத் தலைநகரில் அரங்கம் பெற்றான்.

1664-இல் வந்தது ‘தார்த்தூப்’. பக்தி வேடம் பூண்ட எத்தன் ஒருவன் ஒரு குடும்பத்தில் நுழைகிறான். வீட்டுத் தலைவன் மயங்குகிறான். மகளைத் தர இசைகிறான். சொத்தையும் எழுதி வைக்கிறான். எத்தனோ இல்லத்தரசியையே நாடுகிறான்! மேசையடியில் ஒளிந்திருந்து கேட்ட பிறகே கணவனின் கண் திறக்கிறது.

கதை இதுதான். கொதித்தெழுந்தனர் மதத் தலைவர்கள்! ஆசிரியனைத் தீயிலிட வேண்டும் என எழுதினார் ஒரு பாதிரியார். பொதுமேடையில் நடிக்கத் தடை பிறந்தது. 1667-இல் பெயரை மாற்றி மேடையேற்றினான்; மறுநாளே தடை! நடித்தாலும், படித்தாலும், கேட்டாலும் திருச்சபையினின்றும் விலக்கு என மிரட்டினார் பாரிசுப் பேராயர். மோலியர் நாடகத்தைக் கிழித்தெறியவில்லை. திருத்தினான், மன்னனுக்கு விண்ணப்பம் விடுத்தான், காத்திருந்தான். 1669-இல் தடை நீங்கியது. அரங்கம் நிரம்பி வழிந்தது. மன்னனின் ஆதரவும் உதவிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அம்மன்னனே ஐந்தாண்டுக் காலம் தயங்கினான் என்பதையும் மறக்க வேண்டியதில்லை!

1673, பிப்ரவரி 17. நோயில்லாமலே நோயாளி எனத் தன்னை எண்ணிக்கொள்ளும் ஒருவனாக நடித்தான், உண்மையிலேயே நோயுற்றிருந்த மோலியர். மேடையிலேயே வலிப்புக் கண்டது. நாடகத்தை முடித்தே இறங்கினான், அன்றிரவே மாண்டான். அழைத்தும் இரு பாதிரியார்கள் வர மறுத்தனர்; மூன்றாமவர் வருமுன் உயிர் பிரிந்தது. நடிப்புத் தொழிலைக் கைவிடுவதாக உறுதி கூறாத நடிகனுக்குச் சமய அடக்கம் இல்லை என்பது அந்நாளைய விதி. மனைவி மன்னனிடம் முறையிட்ட பின்னரே ஆறடி நிலம் கிடைத்தது, அதுவும் இரவில்!

ஏன் இத்தனைச் சினம்? கண்டனத்துக்கு மறுப்பு எழுதலாம். வாதத்துக்கு எதிர்வாதம் தொடுக்கலாம். மக்கள் கூடிச் சிரித்துவிட்டால், அதற்கு மறுப்பு ஏது? வேடம் கலைந்தவன் மீண்டும் அதே வேடத்துடன் வீதியில் நடப்பது எங்ஙனம்?

1680-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு நாட்டின் பெரும் நாடக அரங்கம் இன்றும் ‘மோலியரின் இல்லம்’ என்றே வழங்குகிறது. பிரெஞ்சு மொழியையே ‘மோலியரின் மொழி’ என்கின்றனர். வர மறுத்த பாதிரியார்களை யார் நினைக்கிறார்கள்? தோழர்களே! இரவில் புதைத்தார்கள், எழுத்தாளனை. சிரிப்பைப் புதைக்க அவர்களிடம் குழி இல்லை!