கடல் கடக்கத் தெரியாத பிரிட்டன்

1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் சென்னையைப் பீரங்கியால் தாக்கின, கோட்டை சரணடைந்தது. கர்நாடகப் போர்கள் என்று நாம் பள்ளியில் படித்த அந்த நீண்ட மோதலில் எத்தனையோ திருப்பங்கள். அவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஐரோப்பியரால் படையைக் கப்பலில் ஏற்றி, வேண்டிய கரையில் இறக்க முடிந்தது.

2009 மார்ச்சில் வெளிவந்த ‘எம்பயர்: டோட்டல் வார்’ என்ற கணினி விளையாட்டு இதே பதினெட்டாம் நூற்றாண்டைத்தான் களமாக எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கியது. ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என மூன்று பெரும் நிலப்பரப்புகள். மராத்தியர், முகலாயர், மைசூர் எல்லாரும் உண்டு. கப்பல்களும் பாய்மரங்களும் கடற்சண்டைகளும் கண்ணைப் பறித்தன. ஆனால் வெளிவந்த நாளில் அதன் ஏ.ஐ.க்கு ஒரு பெருங்குறை இருந்தது. கணினி ஆடும் நாடுகளுக்குப் படையைக் கடல் கடத்தி எதிரி மண்ணில் இறக்கத் தெரியவில்லை.

பிரிட்டனைத் தன் வசம் எடுத்து ஆடியவருக்கு இது பெரும் வசதி. தீவைத் தாக்க யாரும் வரமாட்டார்கள். படையை முழுவதும் வெளியே அனுப்பிவிடலாம். மராத்தியராக ஆடியவருக்கோ, ஐரோப்பியப் படையெடுப்பு என்ற கவலையே இல்லை. பிளாசியும் ஆற்காடும் நிகழ வழியில்லாத ஒரு பதினெட்டாம் நூற்றாண்டு அது. ஆட்டக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. பிறகு வந்த திருத்தப் பதிப்பு ஒன்றில் அந்தத் திறன் சேர்க்கப்பட்டது.

கேட்பதற்குச் சிறு வேலைபோலத் தோன்றும். ஆனால் நிலத்தில் நடப்பதற்கும் கடலில் செல்வதற்கும் வழிதேடும் கணக்குகள் வேறு வேறு. படை ஒரு துறைமுகத்துக்கு வர வேண்டும், அதே நேரத்தில் கப்பல் அங்கே இருக்க வேண்டும், வழியில் எதிரிக் கடற்படை மறிக்காமல் இருக்க வேண்டும், இறங்கிய பிறகு வெல்லும் அளவுக்குப் படை மிஞ்ச வேண்டும். இதற்கிடையில் தாய்நாட்டு எல்லை காலியாகக் கிடக்கக் கூடாது. இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்ற நான்கும் அசையும். அதனால்தான் இந்தத் துறையில் திருத்தம் எழுதுவதைவிட அதைச் சோதிப்பது கடினம். ஒரு படையெடுப்பு சரியாக நடந்தது என்று பார்த்துத் திருப்திப்பட முடியாது. ஆட்டம் முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

போரை விதிகளாக்கி ஆடிச் சோதிக்கும் வழக்கம் கணினிக்கு வெகு முந்தையது. பிரஷ்யாவில் இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் செம்மைப்படுத்திய ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர் விளையாட்டில் வரைபடம், பகடை, சேத அட்டவணைகள், நடுவர் எல்லாம் இருந்தன. அட்டவணைகள் கனத்துப்போய் ஆட்டம் நகராமல் நின்றபோது, 1876இல் வெர்டி து வெர்னுவா அவற்றை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்பலாம் என்றார். கணினிக்கு அந்த வசதி இல்லை. நடுவரும் அதுவே, எதிராளியும் அதுவே. தீர்ப்பு முழுவதும் எண்களாக எழுதப்பட்டாக வேண்டும்.

எட்டு பிட் காலத்திலேயே இதற்கு ஓர் அழகான விடை கிடைத்தது. கிறிஸ் கிராஃபோர்டு 1981இல் அட்டாரி கணினிக்கு எழுதிய ‘ஈஸ்டர்ன் ஃபிரன்ட்’ ஜெர்மனி ரஷ்யாமீது படையெடுத்த 1941ஆம் ஆண்டைப் பற்றியது. மனிதர் ஜெர்மனி, கணினி ரஷ்யா. திரை புதுப்பிக்கப்படும் சின்னஞ்சிறு இடைவெளிகளில் ஆட்டக்காரரின் கட்டளைகளை வாங்கிக்கொண்டு, மிச்ச நேரம் முழுவதும் ரஷ்யப் படைகளின் நகர்வுகளைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு மேம்படுத்திக்கொண்டே இருந்தது அந்த நிரல். மனிதர் நிதானமாக யோசித்தால் கணினியும் நன்றாக யோசித்தது. அவசரக்காரருக்கும் நிதானக்காரருக்கும் ஒரே நிரல் வெவ்வேறு வலுவுள்ள எதிராளியானது. அத்தனை குறைந்த நினைவகத்தில் இப்படியொரு சமநிலையை எட்டியதை இன்றைக்கும் வியக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பின்னாளில் வந்தவர்கள் பலர் குறுக்குவழியில் போனார்கள். 1999இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இன் மிகக் கடின நிலையில் கணினிக்கு இலவசமாகக் கூடுதல் வளங்கள் கிடைத்தன. தோற்றவருக்குத் தான் ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது. 2019இன் மறுபதிப்புக்கு எழுதப்பட்ட புதிய ஏ.ஐ. அந்தச் சலுகை இல்லாமலே ஆடுகிறது. பழைய ஏ.ஐ.க்களும் அதே ஆட்டத்தில் கிடைப்பதால், இரண்டையும் ஒரே களத்தில் மோதவிட்டு யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்னேற்றத்தை நிரூபிக்க இதைவிட நேர்மையான வழி இல்லை.

வரலாற்று விளையாட்டுக்கோ வெற்றி மட்டும் போதாது. ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ 1936இல் தொடங்குகிறது. மனிதர் யாரும் தொடாமல் எல்லா நாடுகளையும் கணினியே ஆடும்படி இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் உலக வரைபடத்தைப் பார்ப்பது அதை உருவாக்கியவர்களின் சோதனைமுறை. பிரான்ஸ் வீழ்ந்ததா? சோவியத் ஒன்றியம் தாக்குப்பிடித்ததா? அமெரிக்கா போருக்கு வந்ததா? ஜெர்மனியின் முன்னணிப் படைகளைச் சற்றுத் திறமையாக்கினால் மாஸ்கோ சீக்கிரம் விழும். ரஷ்யரைப் பலப்படுத்தினால் போர் போலந்திலேயே முடிந்துபோகும். ஒரே ஓட்டத்தை நம்ப முடியாது என்பதால் பல ஓட்டங்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

எல்லா ஓட்டமும் 1945இல் பெர்லினில் முடிந்தால் ஆட்டக்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை. எந்த ஓட்டமும் அப்படி முடியாவிட்டால் அது இரண்டாம் உலகப்போரே இல்லை. இந்த இழுபறிக்காகவே அந்த ஆட்டத்தில் ஒரு தெரிவு வைத்திருக்கிறார்கள்: அதை இயக்கினால் கணினி ஆடும் நாடுகள் வரலாற்றில் எடுத்த அரசியல் முடிவுகளையே எடுக்கும், அணைத்தால் விலகிப் போகலாம். ஆக, சோதிப்பவர் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு வகையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.